நித்தவல மைதானத்துக் கூலிக் கணக்கு

கண்டி விளையாட்டுக் கழகம் 1874 இல் தொடங்கியபோது அது துரைமாரின் கழகம். தோட்டங்களிலிருந்து இறங்கி வருவார்கள், முட்டி மோதிச் சேறாகித் திரும்புவார்கள். றக்பி ஆடுவதற்குக் காசு வாங்குவது கண்ணியக் குறைவு என்ற விதியையும் அவர்களே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அது சுமையில்லை. மாதச் சம்பளத்தையும் பங்களாவையும் தோட்டம் கொடுத்தது.

என் அப்பாயி கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால்தான் இங்கிலாந்தின் வடபகுதி வீரர்களின் கதை எனக்கு உடனே விளங்கியது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலைசெய்த அவர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பை மட்டும் ஈடுசெய்ய விடுங்கள் என்று 1893 இல் கொண்டுவந்த தீர்மானத்தை றக்பி ஒன்றியம் தோற்கடித்தது. 1895 ஆகஸ்ட் 29 ஆம் திகதி வடக்குக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்ட் விடுதியொன்றில் கூடித் தனியே பிரிந்தன. இலங்கையில் வேரூன்றியதோ பிரியாமல் நின்ற தரப்பின் விதி. ஆளுநர் கிளிஃபர்டின் பெயரில் றக்பிக் கிண்ணம் 1926 இல் வந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை எழுதிவைத்த கட்டளைச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் எல். ஈ. பிளேஸ். 1891 இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவியவர் அவர். 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. 1945 முதல் திரித்துவமும் கொழும்பு றோயலும் பிராட்பி கேடயத்துக்கு ஆடுகின்றன. ஆட்டத்தோடு சேர்த்து, காசு கேட்காத பழக்கத்தையும் நம் பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். துரைமார் கப்பலேறிய பிறகும் அந்தப் பழக்கம் இங்கேயே தங்கிவிட்டது.

நான் கண்டியில் ஒரு கம்பனியில் கணக்கெழுதிப் பிழைத்தவன். அங்கே பந்து விளையாடி வேலை எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வீரனுக்குக் கிடைத்த கூலி அந்த வேலைதான். பின்னேரம் நாலு மணிக்குக் கழகத்தின் நித்தவல மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போக விடுவார்கள். கழகம் வென்றால் முதலாளி தோளில் தட்டுவார். ஆனால் சம்பளப் பட்டியலில் அவன் ஓர் எழுதுவினைஞன். முழங்கால் போய் ஆட்டம் நின்ற வருடம் முதல் அவனுக்கு எந்த ஏற்றமும் இல்லை. ஆடிய வருடங்களில் அவன் தொழில் படிக்கவில்லை என்பது காரணமாம். அந்த வருடங்களில் அவன் யாருக்காக ஆடினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

1995 ஆகஸ்ட் 26 ஆம் திகதி பாரிஸில் சர்வதேச றக்பி சபை சம்பளத்துக்கு இருந்த தடையை நீக்கியது. ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பிறகு மூன்று நாள் குறைய நூறு வருடம். கண்டி அணி எழுந்து நின்று கிண்ணங்களை அள்ளிய காலமும் அதுவே. பிஜியிலிருந்துகூட ஆட்டக்காரர்கள் இங்கே வந்தார்கள்.

சம்பளம் பேசிய பிறகாவது அது கைக்கு வந்து சேருமா? அதற்குப் பதில் பல்லேகலையில் இருக்கிறது. 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்காக அங்கேயும் ஹம்பாந்தோட்டையிலும் புதிய அரங்குகள் எழுந்தன. கொழும்பு பிரேமதாச அரங்கு புதுப்பிக்கப்பட்டது. கிரிக்கெட் சபை கடனில் மூழ்கியது. கட்டடம் நின்றது, ஆடியவர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. அந்த நிலையில்தான் டிசம்பரில் டர்பன் டெஸ்டில் ரங்கன ஹேரத் ஒன்பது விக்கெட்டுகள் எடுத்தார், நம்மூரில் படித்த குமார் சங்கக்கார 108 ஓட்டங்கள் அடித்தார். தென்னாபிரிக்க மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. பதினைந்து மாதம்கூடக் கழியவில்லை: 2013 மார்ச்சில், ஐ.சி.சி. தொடர்களின் வருமானத்தில் வழக்கமாகக் கிடைத்த 25 வீதப் பங்கைக் கேட்டதற்காக 23 வீரர்களுக்குச் சபை கதவைச் சாத்தியது. அடுத்த நாளே அவர்கள் சபை நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

புகழின் உச்சியில் நின்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், பிராட்பி ஆட்டத்தில் ஓடும் பதினெட்டு வயதுப் பையன் எதைக் கேட்பான்? அமெரிக்காவில் கல்லூரி வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. நம் பாடசாலைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. படிக்கிற வயதில் படிப்புத்தான் முதல். ஆனால் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட் விற்கிறார்கள், விளம்பரப் பலகை கட்டுகிறார்கள். அந்தப் பணத்திலிருந்து ஒவ்வொரு பையனுக்கும் பருவம் தொடங்குமுன்பே காப்புறுதி எடுக்க வேண்டும். பாடசாலையை விட்டுப் போன பிறகும் அவனுடைய முழங்காலுக்குச் சிகிச்சைச் செலவு அதிலிருந்து போக வேண்டும். மைதானத்துக்குப் புதுப் புல் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.