"500 பேர் பயனடைந்தார்கள்": சரி, என்ன பயன் என்று யார் பார்ப்பது?

சம்பளச் சீட்டை ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். மசேநி பிடித்தத்தோடு 'சிண்டா' என்றும் ஒரு வரி இருக்கும். மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் இந்தியருக்கு அது 7 வெள்ளி. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். ஆனால் ஆண்டுக்குக் கூட்டினால் 84 வெள்ளி. அதோடு கொடிநாளில் உண்டியலில் போடுவது, கிவிங்.எஸ்ஜி பக்கத்தில் நண்பரின் பிறந்தநாளுக்காகக் கொடுப்பது எல்லாம் சேரும்.

கொடுத்த பணம் திருடு போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அடுத்த கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை. பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதாவது மாறியதா?

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதன் பெயர் திட்ட மதிப்பீடு. அதன் இரட்டைப் பிள்ளை மானிய நிர்வாகம். பெரிய அறநிறுவனங்களில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. சிறிய அமைப்புகள் வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்துகின்றன.

எண்ணிக்கை வேறு, பலன் வேறு

கற்பனைக்கு ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் வாசிப்பு வகுப்பு. 60 பிள்ளைகள், 40 வாரம், 12 தொண்டூழியர்கள். ஆண்டறிக்கையில் இந்த மூன்று எண்ணும் அழகாக வந்துவிடும். மூன்றுமே அமைப்பு செய்த வேலையின் அளவு. பிள்ளைகளுக்கு வாசிக்க வந்ததா என்பது அதில் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள, முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். கடைசியில் மறுபடி பார்க்க வேண்டும். அதுவும் போதாது. ஓர் ஆண்டில் பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள், பள்ளியிலும் படிப்பார்கள். வகுப்புக்கு வராத, அதே போன்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் வகுப்பால் வந்த மாற்றம் எது என்று தெரியும். பாதியில் நின்றுபோன பிள்ளைகளையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். கடைசிவரை வந்தவர்களை மட்டும் அளந்தால் எந்தத் திட்டமும் நல்லாத்தான் தெரியும்.

செய்தியறைக்கு வரும் அறிக்கைகளில் "இத்தனை பேர் பயனடைந்தனர்" என்ற வரி அடிக்கடி இருக்கும். நாங்களும் அதையே தலைப்பாகப் போட்டுவிடுகிறோம். அது எங்கள் பக்கத் தவறு.

கடனை அடைத்தால் மனம் தெளியுமா?

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. மெதடிஸ்ட் வெல்ஃபேர் சர்விசஸ் அமைப்பு, குறைந்த வருமானம் உள்ளவர்களின் நாள்பட்ட கடனை ஒரே தடவையில் அடைக்க உதவும் திட்டம் ஒன்றை நடத்தியது. ஆளுக்கு அதிகபட்சம் 5,000 வெள்ளிவரை. "இத்தனை பேரின் கடனை அடைத்தோம்" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அதை உட்கார்ந்து ஆராய்ந்தது. 196 பேரைக் கடன் அடைபடுவதற்கு முன்பும் அடைபட்ட பிறகும் சோதித்தார்கள். மனப்பதற்றம் எப்படி இருக்கிறது, கவனம் சிதறாமல் யோசிக்க முடிகிறதா, பணத்தைப் பற்றி எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முடிவு 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

கடன் குறைந்தபோது பதற்றம் குறைந்தது, யோசிக்கும் திறன் கூடியது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராதது இன்னொன்று. ஒரே தொகை அடைபட்டாலும், அதிகமான கடன் *கணக்குகள்* முழுசாக மூடப்பட்டவர்களிடம் முன்னேற்றம் அதிகம். கூடுதலாக ஒவ்வொரு கணக்கு மூடப்படும்போதும் பதற்றம் ஏற்படும் சாத்தியம் 11 விழுக்காடு குறைந்தது. தண்ணீர், மின்சாரக் கட்டணம் ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம், தொலைபேசிக் கட்டணம் ஒரு பக்கம் என்று பல பேருக்குக் கடன்பட்டிருப்பதே மனதைத் தின்கிறது.

இந்த ஒரு தகவல் வேலை செய்யும் விதத்தையே மாற்றக்கூடியது. கையில் இருக்கும் 3,000 வெள்ளியைப் பெரிய கடன் ஒன்றின் பாதியில் கொட்டுவதா, மூன்று சின்னக் கணக்குகளை மூடுவதா? சமூக ஊழியருக்கு இப்போது ஒரு விடை இருக்கிறது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

மானியம்: கையில் வரும்வரை கணக்கு

மானியம் என்றதும் மொத்தமாகக் காசோலை வரும் என்று நினைக்காதீர்கள். டோட் போர்டு, தேசிய சமூகச் சேவை மன்றம் போன்றவற்றிடமோ தனியார் அறக்கட்டளையிடமோ விண்ணப்பிக்கும்போதே என்ன செய்யப்போகிறோம், எதை எட்டுவோம், எதை வைத்து அளப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இலக்குகள் இருக்கும். பணம் பெரும்பாலும் தவணை தவணையாக வரும். சில மானியங்களில் முதலில் நீங்கள் செலவு செய்து, ரசீது காட்டி, பிறகுதான் வாங்க முடியும். சின்ன அமைப்புக்கு மூச்சுத் திணறுவது இங்கேதான். மானியம் உறுதியாகிவிட்டது, ஆனால் இந்த மாதச் சம்பளம் கொடுக்கக் கையில் காசு இல்லை.

இன்னொன்று, வாசிப்பு வகுப்புக்கு வந்த மானியத்தை முதியோர் சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது. நல்ல காரியம்தானே என்று கேட்க முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணம் தனிக் கணக்கில் நிற்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் பின்னணி உண்டு. 2005 ஜூலையில் தேசியச் சிறுநீரக அறநிறுவனம், தங்க முலாம் பூசிய குழாய் பற்றி எழுதியதற்காக சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் மீது போட்ட அவதூறு வழக்கை விசாரணையின் இரண்டாம் நாளே மீட்டுக்கொண்டது. தலைமை நிர்வாகியின் சம்பளம் ஆண்டுக்கு 600,000 வெள்ளி என்பது பலரின் நினைவில் நின்றுவிட்டது. நோயாளிகளின் எண்ணிக்கை பற்றியும், சேமிப்பு எத்தனை காலத்துக்கு வரும் என்பது பற்றியும் மக்களிடம் சொல்லப்பட்டவை சரியல்ல என்பதும் அங்கேதான் வெளிப்பட்டது. நம்பிச் சொல்லப்பட்ட தலைக்கணக்கே தப்பு. 2007இல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது. நன்கொடை திரட்ட ஆகும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இன்று நடப்பில் இருக்கிறது.

ஆலோசகர் எங்கே வருகிறார்?

சிறிய அமைப்பில் மூன்று பேர் இருப்பார்கள். மூன்று பேரும் மக்களோடு இருப்பவர்கள். எக்செல்லைத் திறந்தாலே தலைவலி. ஆலோசகர் வந்து, திட்டத்தின் தர்க்கத்தை ஒரு பக்கத்தில் வரைந்து கொடுப்பார். எதை அளக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்வார். கேள்வித்தாள் தயாரிப்பார், அறிக்கைக் காலக்கெடுகளுக்கு ஒரு நாட்காட்டி போடுவார். நல்ல ஆலோசகர் அளவைகளைக் குறைப்பார். 40 கேள்விக்குப் பதில் சொல்லும் தாய்க்கு உங்கள் மேல் எரிச்சல்தான் வரும்.

இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரையே பலனை மதிப்பிடவும் அமர்த்தினால், அவர் தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறார். அடுத்தது கட்டணம். "கிடைக்கும் மானியத்தில் 10 விழுக்காடு குடுங்க, கிடைக்கலைன்னா ஒண்ணும் வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நிதி திரட்டுவோருக்கான அனைத்துலகச் சங்கமான ஏஎஃப்பி, தன் நெறிமுறையில் அப்படி விழுக்காட்டுக் கமிஷன் வாங்குவதைத் தடுக்கிறது. கமிஷன் வாங்குபவர் அமைப்பால் செய்யவே முடியாத இலக்கையும் எழுதிவிடுவார். அவர் போன பிறகு மாட்டிக்கொள்வது அமைப்பு.

மதிப்பீட்டுக்குத் திட்டச் செலவில் 5 முதல் 10 விழுக்காடு ஒதுக்கச் சொல்வது இந்தத் துறையில் வழக்கம். சிக்கல் என்னவென்றால், "நிர்வாகச் செலவு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, குறைவாக இருந்தால் பாராட்டுகிறோம். அளக்கிற செலவும் அதற்குள்தான் பல நேரம் அடங்கும். அதை வெட்டிய அமைப்பைத்தான் நாம் சிக்கனம் என்று மெச்சுகிறோம்.

கெட்ட செய்தி வந்தால்?

எல்லாரும் தயங்குவது இதற்குத்தான். நேர்மையாக அளந்து, பலன் இல்லை என்று வந்தால் அடுத்த ஆண்டு மானியம் போச்சே!

இதைத் தைரியமாக எதிர்கொண்ட ஒரு கதை பங்களாதேஷில் நடந்தது. வடக்கே ரங்பூர் வட்டாரத்தில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலையும் இருக்காது, சாப்பாடும் குறையும். 2008இல் ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய எட்டரை அமெரிக்க டாலர் கொடுத்தார்கள். நகரத்துக்கு வேலை தேடிப் போக பஸ் காசு. வேலைக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் 22 விழுக்காட்டுப் புள்ளி கூடின, வீட்டில் சாப்பாடும் கூடியது. எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு அதை 'நோ லீன் சீசன்' என்ற பெயரில் பெரிதாக விரித்தது.

விரித்த பிறகும் அவர்கள் அளப்பதை நிறுத்தவில்லை. 2017இல் பெரிய அளவில் செய்த மதிப்பீட்டில், பயணம் போனவர்கள் கூடவில்லை, வருமானமும் கூடவில்லை. அமைப்பு அதைத் தானே வெளியிட்டது. நிதி திரட்டுவதை நிறுத்தியது, 2019இல் திட்டத்தையே மூடியது. சிறிய அளவில் வேலை செய்த ஒன்று பெரிய அளவிலும் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நல்ல பெயரெடுத்த திட்டத்தை மூடுவது லேசான காரியமா என்ன? வேலை இழந்த ஊழியர்களும் இருந்திருப்பார்கள்.

அங்கே கொடையாளர்கள் முடிவைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். ஒரு மோசமான ஆண்டுக்காக மானியத்தை உடனே வெட்டுபவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

அறநிறுவன இணையவாசலான சேரிட்டி போர்ட்டலில் பதிவுபெற்ற அமைப்புகளின் ஆண்டறிக்கையையும் நிதி அறிக்கையையும் யாரும் பார்க்கலாம். ஐபிசி தகுதி உள்ள அமைப்புக்கு 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழியும். கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் அங்கே செலவழிக்கலாம்.

தொண்டூழியராக இருந்தால், அல்லது யாராவது உங்களை நிர்வாகக் குழுவில் சேரக் கூப்பிட்டால், மூன்று விஷயம் கேளுங்கள். போன ஆண்டு எது பலன் தரவில்லை? பாதியில் நின்றவர்களிடம் யாராவது பேசினீர்களா? தொடக்கத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

மூன்றாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், புதுத் தவணை தொடங்கும் முதல் சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். அதற்கு ஆலோசகர் தேவையில்லை.