கொழும்புக்கு மூட்டை கட்டிய கதை

இலங்கைக்கு ஒரு வாரம் டூர் போக வேண்டும். என்ன தயாரிப்பு வேண்டும்? பாஸ்போர்ட், இணையத்தில் எடுத்த பயண அனுமதி, விமான டிக்கெட், கொசுவை விரட்டும் களிம்பு, ஒரு குடை, கொஞ்சம் டாலர். கோவில்பட்டிக்காரராக இருந்தால் அங்கே யாருக்காவது கொடுக்க நாலு பாக்கெட் கடலைமிட்டாய் (2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, வெறுங்கையோடு போகலாமா!). அவ்வளவுதான். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை.

இதே பயணத்துக்கு, இதே கரிசல் மண்ணிலிருந்து, நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கிளம்பியவர்கள் என்ன எடுத்துக்கொண்டு போனார்கள்? தேடிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. கடல் ஒன்றுதான். கப்பலும் ஒன்றுதான். தயாரிப்புப் பட்டியல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. சிலர் தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதினார்கள். பலருக்கு அதை வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். குளத்தூர் தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் காடு, இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்திலேயே கடல். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கடல்வழியாக சுமார் 280 கிலோமீட்டர். இந்த வட்டாரத்திலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதி! பட்டணம் என்றால் சென்னையை நினைப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பலர் கொழும்பை நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

மழையை நம்பிய பூமி. தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைத் தொடாது. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1876-இல் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே வருடம் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. போவதற்குக் காரணமும் கிடைத்தது, போவதற்கு வண்டியும் கிடைத்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போக பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் இருந்தன. குளத்தூர், வேம்பார் பக்கத்துக்காரர்களுக்கு ரயில் சுற்றுவழி. மாட்டுவண்டியில் நேராகத் தூத்துக்குடி போவதுதான் சுருக்கம்.

சரி, மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் மூட்டை வெள்ளைக்காரப் பயணியுடையது. இவர்தான் உண்மையிலேயே விடுமுறைக்குப் போனவர். இவருக்கு வழிகாட்டிப் புத்தகமே உண்டு. மர்ரே என்ற லண்டன் பதிப்பகம் இந்தியா, பர்மா, இலங்கைக்கென்று ஒரு தடித்த கையேடு போட்டுக்கொண்டிருந்தது. எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, எந்த ரயில் எந்தக் கப்பலோடு இணையும் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். தலைக்குச் சோலா தொப்பி, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. வெப்ப நாட்டு வெயிலையும் காய்ச்சலையும் நினைத்துப் பயந்து கட்டிய மூட்டை அது. இவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. போனார், நுவரெலியாவில் குளிர்காய்ந்தார், திரும்பினார்.

இரண்டாவது மூட்டை வியாபாரியுடையது. கொழும்பில் புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் தமிழர் கடைகள் நிறைய. அங்கே கடை வைத்தவர், கடையில் கணக்கு எழுதப் போனவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர் என்று திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் பலவிதம். தகரப் பெட்டி ஒன்று, கப்பலில் சாப்பிடக் கட்டுச்சோறு, குமட்டலுக்கு எலுமிச்சம்பழமோ ஊறுகாயோ. தூத்துக்குடியில் அன்று கரையோரம் ஆழம் போதாது. கப்பல் சில மைல் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஆகவே தூக்கமுடிகிற அளவுக்குத்தான் சாமான்.

இவருக்கு இன்றைய பயணிக்கு இல்லாத ஒரு சௌகரியமும் இருந்தது. பணம் மாற்ற வேண்டியதில்லை! இந்திய வெள்ளி ரூபாய்தான் இலங்கையிலும் ரூபாய். 1872-இல் இலங்கை ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டது. இங்கே பதினாறு அணா, அங்கே நூறு சதம், சில்லறையில் மட்டும்தான் தகராறு. இரண்டு நாட்டு ரூபாயும் 1966 வரை சமமாகவே இருந்தன என்பது வணிகவியல் படிக்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாத சங்கதி.

இந்த டிக்கெட்டுக்காக ஒரு போரே நடந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. போட்டியாளரை ஒழிக்க நஷ்டத்துக்கு விற்பது எப்படி என்று பாடப்புத்தகத்தில் அமெரிக்க உதாரணம் தேட வேண்டியதே இல்லை, தூத்துக்குடி போதும். வ.உ.சி. 1908-இல் கைதானார். 1911-இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. அந்தச் சுதேசிக் கப்பல் ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர் போகலாம் என்பார்கள். இதுவரை பார்த்த இரண்டு மூட்டைக்காரர்களை விட்டுவிடுங்கள். அந்த 1300-இல் பெரும்பகுதி யார்?

தோட்டத்துக்குப் போனவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அதிகம் பேர், திருநெல்வேலியிலிருந்தும் உண்டு. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். மூன்றாவது மூட்டை இவர்களுடையது. பிரித்துப் பார்த்தால் அதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. பித்தளைச் செம்பு, மாற்றுத்துணி, கொஞ்சம் தானியம்.

ஆனால் இவர்களுக்குத்தான் தயாரிப்பு மிக நீளம்!

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. இலங்கை அரசு பயந்துபோய், தோட்டத்துக்கு வரும் தொழிலாளர்களை இந்திய மண்ணிலேயே நிறுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தது. இடம், மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் தட்டப்பாறை. இன்று அந்த ஸ்டேஷனில் நின்றால் அப்படி ஒன்று நடந்த சுவடே மனதில் தோன்றாது. அங்கே ஆட்களை இறக்கி, சில நாட்கள் முகாமில் வைத்துப் பார்த்து, துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தி, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு வேலை மண்டபத்துக்கு மாறியது. மண்டபம் முகாமும் இலங்கை அரசு இந்தியாவில் நடத்திய முகாம்தான். அங்கே கொக்கிப்புழு மருந்தும் பின்னாளில் சேர்ந்துகொண்டது. கொரோனா காலத்தில் விமான நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டதற்கே அலுத்துக்கொண்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் வகுப்புப் பயணியும் அதே ரயிலில்தான் வந்தார். அவரை டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். பிளேக் கிருமிக்கு வகுப்பு வித்தியாசம் தெரியும் போலிருக்கிறது.

இதைவிட அழுத்தமான சாட்சி ஒன்று உண்டு. 1901-இல் வந்த தகர டிக்கெட். ஒரு சின்னத் தகர வில்லை. அதில் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். தோட்டக்காரர் அதை வாங்கிக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். அதை வைத்திருக்கும் ஆளை முகாமிலிருந்து தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். வழியில் காசு கொடுக்க வேண்டாம். செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கு.

கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் தொலைந்துபோக மாட்டார், கடலையும் காட்டையும் தாண்டிச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வார். அதற்கு முந்தைய காப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தே போய், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் லாரி ஆபீசில் பார்சல் போட்டவர்களுக்கு 'டூ பே' என்றால் என்னவென்று தெரியும். அனுப்புகிறவர் பணம் கட்ட மாட்டார், பெற்றுக்கொள்கிறவர் கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்வார். சரக்கின் மேல் போய்ச்சேரும் இடத்தின் குறி இருக்கும். தகர டிக்கெட் அதேதான். வியாபாரி வாங்கியது பயணச்சீட்டு. தொழிலாளி கையில் இருந்தது சரக்குச் சீட்டு. ஒரே வித்தியாசம், பருத்திப் பொதியிடம் அதன் கூலியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இங்கே கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அந்த ஆளின் பெயரிலேயே கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டக்காரர் அதைக் கட்டினால்தான் விடுதலை. 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

கடன் கணக்கில் ஏறிய இன்னொரு சாமான் கம்பளி. இங்கேதான் 'வெப்ப நாடு' என்ற சொல்லே தலைகீழாகிறது. வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர் தொப்பி வாங்கினார். கரிசல் காட்டிலிருந்து போனவருக்கு வெயில் ஒரு பொருட்டா? அவரை வாட்டியது குளிரும் மழையும் காலைக் கடிக்கும் அட்டையும். மலையகத்தில் வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். கோவில்பட்டி மழையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். கம்பளி இல்லாமல் கொழுந்து பறிக்க முடியாது. கம்பளியைத் தோட்டமே கொடுக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஆங்கிலத் தோட்டக் கணக்குகளில் கம்பளி என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கில வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

காய்ச்சல் பயம் மட்டும் எல்லோருக்கும் பொது. 1934–35 மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதே இலங்கையை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. ஆக இன்றைய பயணிக்குக் கொய்னா வேண்டாம். ஆனால் டெங்கு இருக்கிறது, கொசுக் களிம்பை மறக்க வேண்டாம்.

காப்பிக் காலத்தில் போனவர்கள் பலரும் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், அங்கேயே தங்கினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். போகும்போது இவர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தகர வில்லை போதுமென்றார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டது. இப்போது தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், காகிதம் எங்கே என்றார்கள். யாருடைய பயணத்துக்கான காகிதத்தை இதுவரை வேறு ஆட்களே வைத்திருந்தார்களோ, அவர்களிடம் காகிதம் கேட்டார்கள்! லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை என்றானார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பத்து வருடம் கழித்து அதையும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) இரண்டு மாதத்தில் டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. இறங்கியவர்கள் முதலில் போன இடம் மண்டபம் முகாம். ஆம், தாத்தாவுக்கு அம்மை குத்தி அனுப்பிய அதே முகாம்.

இவர்கள் கட்டி வந்ததுதான் நான்காவது மூட்டை. தாய்நாடு திரும்பியோர் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பனியிலும் மழையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாத வெப்ப நாடு என்றால் அது இதுதான், தண்ணீர்க் குடமும் வேலிக்காத்தானும் உச்சி வெயிலுமான தென்னாட்டுச் சமவெளி. வெள்ளைக்காரப் பயணிக்கு ஒரு மர்ரே புத்தகம் இருந்தது. இவர்களுக்குக் கையில் குடும்ப அட்டை, முகாமில் சில நாள் சோறு, வியாபாரக் கடன் என்ற பெயரில் கொஞ்சம் பணம், பிறகு ஏதோ ஒரு ஊர்ப் பெயர். ஒரு பகுதியினருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. தேயிலை தெரிந்தவர்களுக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதில் இடம் கிடைக்காதவர்களும், சமவெளியில் அனுப்பிய ஊரில் பிழைக்க முடியாதவர்களும், குளிரைத் தேடி, தெரிந்த வேலையைத் தேடி, தாங்களாகவே கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ரயிலும் பஸ்ஸும் ஏறினார்கள். அந்தப் பயணத்துக்கு மட்டும் டிக்கெட்டை அவர்களே வாங்கினார்கள்.