அசுரன்: கோவில்பட்டி எழுத்தாளரின் கதை இன்னும் ஏன் நம்மைக் கட்டிப் போடுகிறது?

ஒரு கொலை. தப்பி ஓடும் அப்பாவும் மகனும். துரத்தும் எதிரிகள். க்ரைம் படத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் 2019 அக்டோபர் 4-ல் வெளியான ‘அசுரன்’ இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் வேறு. (படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கதை விவரங்கள் உண்டு.)

கதை எங்கிருந்து வந்தது?

கோவில்பட்டி பக்கத்து கரிசல் மண்ணைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணி. அவர் 1982-ல் எழுதிய ‘வெக்கை’ நாவல்தான் படத்துக்கு அடிப்படை. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை 15 வயதுப் பையன் வெட்டிவிடுகிறான். பிறகு அப்பாவோடு காடு, ஓடை, மலை என்று ஒளிந்து திரிகிறான். போலீஸ் விசாரணை, திடீர் திருப்பம் எதுவும் பெரிதாக இல்லை. இரண்டு பேரின் பேச்சும் நடையும்தான் கதை.

வெற்றிமாறன் என்ன மாற்றினார்?

நாவல் மகனின் கண் வழியாக நகரும். படம் அப்பா சிவசாமியை மையமாக்கியது. இளமைக்கால ஃப்ளாஷ்பேக்கும் பஞ்சமி நிலப் போராட்டமும் அதில் சேர்ந்தன. 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கிய நிலம்தான் பஞ்சமி நிலம். அது கைமாறிப் போன வரலாறு, படத்தில் பகைக்குக் காரணமாகிறது.

ஹீரோயிசம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் விஷயமே. முதல் பாதியில் சிவசாமி அடிப்பதில்லை. சிறையில் இருக்கும் மூத்த மகனை மீட்க ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். ‘அப்பா ஒரு கோழை’ என்று சின்ன மகன் சிதம்பரம் நினைக்கிறான். நாமும் கிட்டத்தட்ட நம்பிவிடுகிறோம். மகன் உயிருக்கு ஆபத்து வரும்போது அவர் ஆயுதம் எடுக்கிறார் பாருங்கள், தியேட்டரில் விசில் பறந்தது அங்கேதான். அந்தக் கோபத்தை அவர் ஏன் இத்தனை வருஷம் அடக்கி வைத்தார் என்பதை ஃப்ளாஷ்பேக் சொல்கிறது. அதைப் பார்த்த பிறகு, காலில் விழுந்த காட்சியே பெரிய வீரமாகத் தெரிகிறது.

நடிகர்கள்?

முப்பதுகளில் இருந்த தனுஷ், வளர்ந்த பிள்ளைகளின் அப்பாவாகவும் இளைஞனாகவும் நடித்தார். தேசிய விருதும் கிடைத்தது. பச்சையம்மாளாக மஞ்சு வாரியர் நடித்தார். அவருக்கு இது முதல் தமிழ்ப் படம். மூத்த மகனைப் பறிகொடுத்த அம்மாவின் கோபம்தான் வீட்டைத் தூங்கவிடாமல் செய்கிறது. சிதம்பரமாக வந்த கென் கருணாஸ், படம் முழுக்க தனுஷோடு ஈடுகொடுத்து ஓடுகிறார்.

கடைசியில் மிஞ்சுவது?

பழிக்குப் பழி என்று படம் முடியவில்லை. மகன் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அப்பா கோர்ட்டுக்குப் போகிறார். நிலத்தையும் பணத்தையும் பறிக்கலாம், படிப்பைப் பறிக்க முடியாது என்பதுதான் மகனுக்கு அவர் விட்டுப்போகும் சொத்து.

படம் பார்த்தவர்கள் ‘வெக்கை’யையும் ஒருமுறை படியுங்கள். அதே ஓட்டம்தான், ஆனால் அங்கே ஓடுவது ஒரு பையனின் மனசு.