"நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றால் போதுமா? கீமோவுக்கு முன் டாக்டர் இத்தனை கேள்வி கேட்பது ஏன்?

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் காலை நேரத்தில் இறங்கும் கூட்டத்தில், ஸ்கேன் கவரும் மஞ்சப்பையுமாக வரும் சிலரைப் பார்க்கலாம். திருப்பூர், ஈரோடு, சத்தியமங்கலம் எனக் கொங்கு மண்டலத்தின் பல ஊர்களுக்கும் பெரிய வைத்தியம் என்றால் கோவைதான். இப்படி வருபவர்களில் கீமோதெரபி எடுப்பவர்களும் உண்டு.

"என்ன வேலை? சுகர் இருக்கா? வேற மருந்து சாப்பிடுறீங்களா? வீடு எவ்வளவு தூரம்? கூட யார் இருக்காங்க?" என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மருந்தை ஏத்திவிட்டா போதாதா என்று நோயாளிகளுக்குச் சலிப்பு வருவது இயல்புதான். ஆனால், ஒரே புற்றுநோய், ஒரே மருந்து என்றாலும் ஒருவருக்குத் தாங்கும் அளவு இன்னொருவருக்கு ஆபத்தாகலாம். அதைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு இருக்கும் வழிகளில் முக்கியமானது இந்தப் பதில்கள்.

ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது எதற்கு?

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல்களோடு முடியின் வேர், வாயின் உள்தோல், குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அடி வாங்குகின்றன. அதனால் பல மருந்துகளின் அளவை உயரம், எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையே எடை நன்றாகக் குறைந்திருந்தால் கணக்கும் மாறும்.

கூடவே ரத்த அணுக்கள், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் உண்டு. அந்தியூரில் இருந்து விடியற்காலை கிளம்பி வந்த பிறகு, "கவுண்ட் கம்மியா இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்றால் நொந்துதான் போவார்கள். முதல் நாளே சொந்த ஊர் லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய நோயை ஏன் கேட்கிறார்கள்?

வாந்தி, அலர்ஜி வராமல் இருக்க கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பலருக்கும் கொடுக்கிறார்கள். இது ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். சுகர் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் விட்டால் சிக்கல்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் பயன்படும் டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறத்தில் இருக்கும் மருந்து. இது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதலில் எக்கோ எடுக்கிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற வரம்பும் உண்டு. பல வருஷத்துக்கு முன் வேறு ஊரில் கீமோ எடுத்தவர் அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுத்து வருவது அதனால்தான் முக்கியம்.

எப்போதோ வந்த மஞ்சள் காமாலையையும் சாதாரணமாக விடக் கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் சத்தமில்லாமல் இருக்கும். கீமோவில் எதிர்ப்பு சக்தி குறையும்போது மறுபடி தலைதூக்கி ஈரலைக் கெடுக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது.

வேலைக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் பல வருஷமாகத் தறி ஓட்டியவருக்கு அந்தச் சத்தத்தாலேயே காது மந்தமாகியிருக்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. இரண்டும் ஒரே ஆளுக்கு என்றால், முன்னாடியே காது டெஸ்ட் எடுத்து வைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் யோசிக்க முடியும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைப்பவருக்கு விரல் நுனிதான் பிழைப்பு. பாக்லிடாக்ஸல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல்களில் மரத்துப்போன உணர்வைக் கொடுக்கலாம். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, சட்டைப் பட்டன் போட வரவில்லை என்றால் அது டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி. சீக்கிரம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். முற்றிய பிறகு சொன்னால் மரத்துப்போனது சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

"நல்லாத்தானுங்க இருக்கேன்"

நோயாளியின் உடல்நிலையை 'ஈகாக்' என்ற அளவுகோலில் டாக்டர்கள் 0 முதல் 4 வரை குறிக்கிறார்கள். வழக்கம்போல எல்லா வேலையும் செய்தால் 0. கடினமான வேலை முடியாது, சமையல் மாதிரி லேசான வேலை முடியும் என்றால் 1. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது, பகலில் பாதி நேரத்துக்கு மேல் எழுந்து நடமாடுவார் என்றால் 2. பாதி நேரத்துக்கு மேல் படுக்கை, நாற்காலி என்றால் 3. முழுக்கப் படுக்கை என்றால் 4. கீமோவைத் தொடரலாமா, எந்த மருந்து என்ற முடிவில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொங்குத் தமிழின் மரியாதை இங்கேதான் இடிக்கிறது. டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கு" என்பதுதான் முதல் பதிலாக வரும். மற்றதை மகனோ மருமகளோ சொல்வார்கள். இரண்டு பதிலிலும் பாதம் மரத்துப்போனது வராது. "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க, கக்கூஸுக்குத் தனியா போனீங்களா, எத்தனை இட்லி சாப்பிட்டீங்க" என்று வீட்டிலேயே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போவது நல்லது.

கஷாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். கீமோவும் கஷாயமும் ஒன்றாக ஓடும்போது ஈரல் ரிப்போர்ட் ஏறினால், எதனால் என்று டாக்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதில்தான் ஆபத்து.

இளம் வயதினர் தாங்களே கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. சில மருந்துகள் குழந்தைப்பேற்றைப் பாதிக்கும். விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றி முதல் கீமோவுக்கு முன்பே பேச வேண்டும். அப்பா பக்கத்தில் இருக்கும்போது கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேட்கலாம்.

நோயாளிக்கே நோய் தெரியாவிட்டால்?

"அவருக்குக் கேன்சர்னு தெரியாதுங்க, கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்." பல குடும்பங்கள் பாசத்தில் செய்வது இது. ஆனால் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரியாமல் போய்விடும்.

பல கீமோக்களில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசரம். மாத்திரை போட்டுப் படுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரி சேர்ந்த 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்கின்றன சிகிச்சை வழிகாட்டுதல்கள்.

வீடு எவ்வளவு தூரம் என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். வால்பாறையில் ராத்திரி காய்ச்சல் வந்தால், 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் பொள்ளாச்சிக்கே வர முடியும். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த நம்பருக்கு அழைப்பது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். 108 ஆம்புலன்ஸிலும் சரி, அரசு மருத்துவமனையிலும் சரி, "கீமோ போய்ட்டிருக்கு" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதல் நாளே கேளுங்கள். காந்திபுரத்தில் இறங்கிய பிறகு சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். டாக்டரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் காட்டி டிக்கெட் எடுக்க வேண்டும்.