மிசிசிப்பிக்கு அடியில் 94 அடி: ஜேம்ஸ் ஈட்ஸ் கதை

இன்னைக்கு ஒரு பாலத்தோட கதை. ஆனா முக்கால்வாசி தண்ணிக்கு அடியிலதான் நடக்கப் போகுது.

1833. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு 13 வயதுப் பையன் ஒருவன் குடும்பத்தோடு நீராவிப் படகில் வருகிறான். கரை சேரும் நேரத்தில் படகு தீப்பிடித்து, இருந்த உடைமையெல்லாம் போச்சு. பள்ளிப் படிப்பும் அதோடு முடிந்தது. தெருவில் ஆப்பிள் விற்றான், அப்புறம் ஒரு துணிக்கடையில் வேலை. முதலாளி தன் புத்தகங்களை எடுத்துப் படிக்க அனுமதித்தார். ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ் படித்த இன்ஜினியரிங் காலேஜ் அவ்வளவுதான். நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்ச எனக்கு இதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கு.

மிசிசிப்பி ஆற்றில் அப்போ படகுகள் அடிக்கடி மூழ்கும். மூழ்கிய சரக்கை எடுத்துக் கொடுத்தால் காசு. 22 வயதில் அதையே தொழிலாக எடுத்தார். ஆரம்பத்தில் ஒரு விஸ்கி பீப்பாயின் அடியைத் தட்டிவிட்டு, ஈயக்கட்டி கட்டி, மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பச் சொன்னார். கூட்டி வந்த டைவர் அதுக்குள்ள போக மாட்டேன்னுட்டார். ஈட்ஸ் தானே இறங்கினார். கலங்கல் தண்ணி, கண்ணே தெரியாது, எல்லாம் கைத்தடவல்தான். அப்படிப் பல வருஷம் ஆற்றுக்கு அடியில் நடந்த மனிதர் அவர்.

1851 வெள்ளத்தின்போது 65 அடி ஆழத்தில் அவர் கண்டதுதான் நம்ம கதைக்கு முக்கியம். ஆற்றின் தரை தரையாகவே இல்லை. மேல் மூணு அடி மணல், தண்ணியோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

உள்நாட்டுப் போரில் வட அரசுக்காக ஏழு இரும்புக்கவசக் கப்பல்களை நூறு நாள் சுமாரில் கட்டிக் கொடுத்தார். அதைத் தனி எபிசோடா பேசலாம். 1867-ல் செயின்ட் லூயிஸ் பாலத்தின் வேலை தொடங்கியது. அதுக்கு முன்னாடி அவர் ஒரு பாலம்கூட கட்டியதில்லை. நடு வளைவு மட்டும் 520 அடி, அதுவும் எஃகில். தூண்கள் மணலில் நிற்கக் கூடாது, பாறை வரை போயே ஆகணும் என்பதில் அவர் இறங்கி வரவே இல்லை. மணல் ஓடுவதைத் தன் காலால் உணர்ந்தவராச்சே!

பாறை வரை எப்படிப் போவது? பிரான்சில் அவர் பார்த்துவிட்டு வந்த கெய்சன் முறையில். அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே அழுத்தக் காற்றை அடைத்தால் தண்ணி வராது. ஆட்கள் உள்ளே நின்று மணலைத் தோண்ட, மேலே கல் கட்டுமானம் ஏற, பெட்டி மெல்ல இறங்கும். ஒரு வகையில் அவருடைய பழைய பீப்பாய்தான், அளவு மட்டும் ராட்சசம். ஆழம் கூடக் கூட காற்றழுத்தமும் கூடணும். பாறையைத் தொட்டபோது, அதாவது கிட்டத்தட்ட 94 அடியில், அது வெளியில் இருப்பதைப் போல 4 மடங்கு. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் தானாகவே திரும்பப் பற்றிக்கொள்ளுமாம்.

76 அடியைத் தாண்டியபோது வெளியே வந்த ஆட்களுக்கு மூட்டுவலி, கால் மரத்துப்போவது. குனிந்தே நடந்தவர்களை மற்றவர்கள் கேலி செய்தார்கள்: அப்போ பெண்களிடம் ஃபேஷனாக இருந்த 'கிரேக்க வளைவு' நடையாம். டைவர்கள் இன்னைக்கும் அந்த நோயை 'பெண்ட்ஸ்' என்கிறார்கள். 1870 மார்ச்சில் கேலி நின்றது. ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள்.

ஈட்ஸ் டாக்டர் ஜாமினேவைக் கொண்டுவந்தார். அவரே உள்ளே போய், சில நிமிஷத்தில் அழுத்தம் இறக்கி வெளியே வந்து, பக்கவாதத்தில் விழுந்து பிழைத்தார். ஷிஃப்டைக் குறைத்தார்கள், படி ஏறும் அலுப்புதான் காரணமோ என்று லிஃப்ட் வைத்தார்கள். நம்ம பாஷையில, ரூட் காஸ் தெரியாம போட்ட பேட்ச். ஓரளவு வேலையும் செய்தது. உண்மைக் காரணத்தை 1878-ல் பிரான்சில் பால் பெர் விளக்கினார்: அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வெளியே வேகமா வந்தால் கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழாகும். மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்கியிருந்தால் போதும். அதுக்குள்ள அந்தப் பாலத்தில் ஒரு டஜனுக்கு மேல் ஆட்கள் இறந்திருந்தார்கள்.

1874-ல் பாலம் திறக்கும் முன் யானையை நடக்கவிட்டார்கள், 14 ரயில் இன்ஜின்களை ஏற்றிப் பார்த்தார்கள். இந்தக் கதைகளைத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு நியூயார்க்தான் நினைவுக்கு வருது.

அங்கே புரூக்ளின் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த வாஷிங்டன் ரோப்ளிங், ஈட்ஸின் கெய்சனை நேரில் வந்து பார்த்தவர். 1872-ல் அவருடைய ஆட்களும் சாக ஆரம்பித்தார்கள். பாறை வரை போனால் இன்னும் எத்தனை உயிர் என்று யோசித்தார். மிசிசிப்பி மாதிரி ஓடும் மணல் இல்லை, இறுகிக் கிடந்த மணல். 78 அடி சுமாரில் தோண்டுவதை நிறுத்தி, அந்த மணல் மேலேயே கோபுரத்தை நிறுத்தினார். அதே நோய் அவரையும் படுக்கையில் தள்ளியது.

ஈட்ஸ் பாலத்தின் கீழ்த்தளத்தில் இப்பவும் ரயில் ஓடுது. புரூக்ளின் பாலமும் அந்த மணல் மேல நிக்குது.