நுண்ணலை, மீயொலி வேதிவினைகள்

அடுப்புச் சூட்டுக்குப் பதிலாக மின்காந்த அலையையோ, செவிக்கு எட்டாத ஒலியையோ செலுத்தி வேதிவினைகளை நடத்தும் முறைகள். இரண்டில் மீயொலி முறையே மூத்தது.

1917இல் ராலே பிரபு, நீரில் குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார். அத்தகைய குமிழிகளை எழுப்பும் மீயொலிக்கு வேதிப்பயன் உண்டு எனக் காட்டிய இடம் நியூயார்க் மாநிலத்தின் டக்சிடோ பார்க். பங்குச்சந்தையில் பொருள் ஈட்டிய ஆல்ஃபிரட் லூமிஸ் அங்கே ஒரு மாளிகையையே ஆய்வகமாக்கியிருந்தார். அவரும் இயற்பியலர் ஆர். டபிள்யூ. உட்டும் எண்ணெயில் அமிழ்த்திய குவார்ட்ஸ் தகட்டை உயர் மின்னழுத்தத்தால் அதிரவைத்தனர். எண்ணெய் சிறு குன்றாக மேலெழுந்தது. அதில் தோய்ந்த கண்ணாடிக் கம்பியைப் பிடித்தால் விரல் பொசுங்கியது. மரச்சில்லில் அழுத்தினால் புகைந்தது. மீன்களும் தவளைகளும் மடிந்தன. 1927இல் இந்த ஆய்வு வெளியானது. அதே ஆண்டு ரிச்சர்ட்ஸும் லூமிஸும் வெளியிட்ட கட்டுரை, டைமெத்தில் சல்ஃபேட்டின் நீராற்பகுப்பு மீயொலியால் விரைவதையும் நைட்ரஜன் ட்ரை அயோடைடு வெடிப்பதையும் பதிவுசெய்தது.

1934இல் கொலோனில் ஃப்ரென்சலும் ஷுல்டெஸும் மீயொலி பாயும் நீரில் மங்கலான ஒளியைக் கண்டனர். பிறகு நெடுங்காலம் துறை பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 1980இல் கிரெனோபிளில் லூஷும் டாமியானோவும் உலோக வினைகளுக்கு மீயொலியைக் கையாண்டனர். குமிழி நொறுங்கும் கணத்தில் உள்ளே ஏறத்தாழ 5,000 கெல்வின் வெப்பம் எழுவதாக இல்லினாயின் சஸ்லிக் 1986இல் மதிப்பிட்டார். ஒலி மூலக்கூறை நேரே தொடுவதில்லை. குமிழிதான் வேலை செய்கிறது.

நுண்ணலைக்கும் அதே 1986தான் திருப்புமுனை. கனடாவின் சட்பரியில் கெடி குழுவினரும், அமெரிக்காவில் ஜிகேர், மஜெடிச் குழுவினரும் வீட்டுச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில், மூடிய கலங்களில் கரிம வினைகளை நடத்திக் காட்டினர். மணிக்கணக்கில் கொதிக்க வேண்டியவை நிமிடங்களில் முடிந்தன. அழுத்தம் மிஞ்சிக் கலம் வெடித்ததும் உண்டு. இவ்வளவு வேகம் எப்படி என்பதில்தான் பிணக்கு. வெப்பத்துக்கு அப்பாற்பட்ட தனி விளைவு உண்டு என்று சிலர் வாதிட்டனர். ஆனால் 2.45 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 0.00001 எலக்ட்ரான்வோல்ட், பிணைப்பை முறிக்க இது எவ்வகையிலும் போதாது. ஆஸ்திரியாவின் கிராட்ஸில் காப்பே குழு, அலையை உள்ளே விடாமல் தானே விழுங்கிச் சூடாகும் சிலிக்கன் கார்பைடு கலங்களில் வினைகளைத் திரும்பச் செய்தது. சோதித்தவற்றில் பெரும்பாலானவற்றின் விளைவு மாறவில்லை. மூடிய கலத்தில் கரைப்பான் தன் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறுவதே போதிய விளக்கம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அதன் பின்னரும் மாற்றுக் குரல்கள் அச்சேறின.

இரு அலைகளையும் ஒரே கலத்தில் செலுத்தும் கருவிகளும் உண்டு. நுண்ணலை திரவத்துக்குள் சில சென்டிமீட்டரே ஊடுருவுவதால், பெரிய அளவு உற்பத்திக்குப் பெரிய கலத்தைவிட ஓட்டக் குழாய்களே விரும்பப்படுகின்றன.