அணைக்க மறந்த விளக்கு

வீதியில் செல்வோர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் மொழி ஒன்று உண்டு. அதற்கு ஒலி இல்லை. சைகையே அதன் சொல். மோட்டார் வாகனங்கள் தோன்றிய காலத்தில், திரும்ப விரும்பியவர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை விரைவில் சோரும். வண்டியைப் பிடிக்கவும் அதே கை வேண்டும். ஆகவே, காட்டிய சைகையைத் திரும்பப் பெற மறந்தவர் எவருமிலர்.

கையின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்தபோதுதான் மறதி புகுந்தது. 1914-ஆம் ஆண்டளவில் அமெரிக்க மௌனப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் சைகைப் பலகை எழும் ஏற்பாடொன்றை அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பின்னர் ஐரோப்பியக் கார்களின் பக்கவாட்டில் கைபோல் நீளும் சிறு கோல்கள் வந்தன. 1939-இல் ப்யூக் நிறுவனம் மின்னி மறையும் விளக்குகளைப் பொருத்தியது. திருப்பம் முடிந்ததும் அவை தாமே அணையும் வழியையும் அடுத்த ஆண்டே அது சேர்த்தது.

காருக்கு இது எளிது. சுழன்ற ஸ்டியரிங் மீண்டும் நேராகும்போது, அதன் தண்டிலுள்ள ஒரு முனை இண்டிகேட்டர் விசையைத் தட்டிவிடும். மோட்டார் சைக்கிளோ, ஓடும் வேகத்தில் சாய்ந்தே திரும்புகிறது. ஹாண்டில்பார் அசைவது மிகச் சொற்பம். தட்டிவிட அங்கே எதுவுமில்லை. காருக்குள் கேட்கும் 'டிக் டிக்' ஓசையும் என்ஜின் இரைச்சலிலும் காற்றிலும் கரைந்துவிடும்.

1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் யமஹா நிறுவனம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. 1978-இல் வெளிவந்த எக்ஸ்.எஸ். 1100 வண்டியிலும் அது இருந்தது. நேரத்தை மட்டும் கணக்கிட்டால், சந்தியில் காத்து நிற்கும்போதே விளக்கு அணைந்துவிடும். எனவே, கடந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டனர். பின்னாளில், வண்டி சாய்ந்து நிமிர்வதை உணரும் கருவிகளும் விலையுயர்ந்த சில வண்டிகளில் இடம்பெற்றன. ஆயினும், நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இன்றும் ஓட்டுபவரின் கட்டைவிரலே விளக்கை அணைக்கவேண்டும்.

இது சிறு மறதிதானே என்று எண்ணிவிடலாகாது. இடப்புற விளக்கு மின்ன ஒருவர் வருகிறார். இடப்புறக் கிளைச்சாலையில் காத்திருக்கும் லாரி ஓட்டுநர், அவர் இங்கே திரும்புவார் என்று நம்பி வண்டியை முன்னே செலுத்துகிறார். வந்தவரோ எப்போதோ முடிந்த திருப்பத்தின் விளக்கோடு நேரே செல்கிறார். விளக்கே போடாதவரைக் கண்டால் அந்த ஓட்டுநர் தயங்கியிருப்பார். பொய்யுரைத்த விளக்கு அவரை நம்பவைத்துவிட்டது.

விளக்கைப் போடுவது பிறருக்குத் தரும் வாக்கு. வாக்கு நிறைவேறியபின் அதை முடித்துவைப்பதும் வாக்களித்தவரின் கடமையே. திருப்பம் முடிந்து வண்டி நிமிரும்போதெல்லாம், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், கட்டைவிரல் ஒருமுறை விசையைத் தொடட்டும். வீட்டில் வண்டியோட்டப் பழகும் பிள்ளைக்கு, திரும்பக் கற்பிக்கும் நாளிலேயே இதையும் கற்பிப்போமாக.